மூன்று அணிக்குப் பலம், ஓர் அணிக்குக் குறை

1

வந்தவாசி சண்முகம் இந்த வருஷமும் போன் போட்டுவிட்டார். இங்கே எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்துக்கு மாத இதழ் நடத்துகிறவர் அவர்தான். கம்ப்யூட்டரில் வருகிற இதழ். கோயில் விழா, சமையல் குறிப்பு, யார் வீட்டில் குழந்தை பிறந்தது என்று எல்லாம் இருக்கும்.

“மாஸ்டர், பிளே-ஆஃப் வந்துட்சி. நாலு டீமையும் அலசி ஒரு பக்கம் எழுதிக் குடுத்துடுங்க. போன வருஷம் எழுதனத பத்தி இன்னும் ஜனங்க பேசிகினு இருக்காங்க” என்றார்.

பேசிக்கொண்டு இருக்கிறார்களாம். பேசாமல் இருக்கிற ஒருத்தனைப் பற்றி அவருக்குத் தெரியாது. உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

ஆரணியிலிருந்து நீங்கள் பழைய மாணவர் மலருக்கு ‘வெளிநாட்டு வாழ்க்கை’ என்று ஏதாவது எழுது என்று கேட்டு நாலு மாதம் ஆகிறது. பனி, ரயில், சம்பளம் என்று எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு எழுத இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதைச் சண்முகத்துக்கு எழுத முடியாது. உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் பிளே-ஆஃப் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் கால்பந்து மாடி மாடியாக இருக்கிறது. எங்கள் ஊர் கிளப் இருப்பது சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் கடைசி மாடி. வருஷ முடிவில் முதலில் வந்த சில அணிகள் நேராக மேல் மாடிக்குப் போய்விடும். அதற்கு அடுத்து வந்த நாலு அணிகளுக்கும் மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடம். அந்த ஓர் இடத்துக்கு நாலும் அடித்துக்கொள்வதுதான் பிளே-ஆஃப். ஜோடி ஜோடியாக இரண்டு ஆட்டம், நம் ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று. ஜெயித்த இரண்டு பேரும் இறுதி ஆட்டத்தில் மோத வேண்டும். ஒன்பது மாதம் ஓடிய ஓட்டம் மூன்று ஆட்டத்தில் முடிந்துவிடும்.

போன வருஷம் அந்த நாலில் ஒன்று எங்கள் ஊர். அதன் கோல் கீப்பர் என் மகன் ரூபன்.

2

இந்த நாட்டுக்கு வந்தது எஸ்தர். நான் கூட வந்தவன். நர்ஸ் வேலைக்கு அவளை அழைத்தார்கள். என் விசாவில் ‘சார்ந்திருப்பவர்’ என்று போட்டார்கள். ரூபனுக்கு அப்போது மூன்று வயது. அவன் விசாவிலும் அதே வார்த்தைதான். அப்பனும் பிள்ளையும் ஒரே வகுப்பு.

ஆரணியில் பதினாறு வருஷம் பி.டி. மாஸ்டராக விசில் ஊதியவன் நான். சேவூரிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிற பையன்களையும் தேசூரிலிருந்து பஸ் ஏறி வருகிற பையன்களையும் வைத்துக்கொண்டு மாவட்டம் வரைக்கும் போயிருக்கிறேன். இங்கே அதெல்லாம் செல்லாது. என் உடற்கல்விச் சான்றிதழை ஓர் அம்மாள் முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். பசங்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் இந்த நாட்டுப் பயிற்சி முடிக்க வேண்டும், போலீஸ் சான்று வேண்டும், ஆரணியில் நல்லவனாக இருந்தேன் என்று ஆரணிப் போலீசும் எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதம் வந்தபோது பயிற்சி வகுப்புக்குத் தேதி முடிந்திருந்தது. மறுபடி விண்ணப்பித்தேன்; அதற்குள் அந்தக் கடிதம் பழையதாகிவிட்டது. போங்கடா என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு தொடக்கப்பள்ளியில் கேர்டேக்கர். காலை ஆறரைக்குக் கேட்டைத் திறப்பேன், பாய்லரைப் பார்ப்பேன், இலை பெருக்குவேன். வசந்தத்தில் மைதானத்துக்கு வெள்ளைக் கோடு போடுவேன். கோடு போடுகிற வரைக்கும்தான் என் வேலை. கோட்டுக்குள் ஆடுகிறவனிடம் ‘கையைத் தூக்குடா’ என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாது.

ஆக, இந்த நாட்டில் சான்றிதழ் இல்லாமல் நான் பயிற்சி கொடுக்க முடிந்தது ஒரே ஒரு பையனுக்குத்தான்.

ஆரணிக் கோட்டை மைதானத்தில் நாம் ஆடிய காலத்தில் தரை எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். சரளைக் கல். விழுந்தால் முட்டியில் ஒரு விரல் நீளத்துக்குத் தோல் போகும். அதனால் நம் கீப்பர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் ‘விழாதே’. உயரப் பந்து வந்தால் கூட்டத்துக்குள் பாயாதே. ஓர் அடி பின்னால் வை, பந்து இறங்கட்டும், நெஞ்சோடு அணைத்துப் பிடி. கல் தரைக்கு அது சரியான பாடம்.

அதையே ரூபனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். இங்கே பூங்காவில், கணுக்கால் அளவு புல்லில். ஒன்பது வயதில் ஒரு நாள் கேட்டான்: “இங்க கல்லு இல்லியேப்பா?” வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் செய் என்றேன்.

3

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இது தெரியாதவர்களுக்கு மீதிக் கதை புரியாது.

பெற்ற பிள்ளையைப் புகழ்ந்து பேசக்கூடாது. யாராவது ‘உங்க பையன் நல்லா படிக்கிறானாமே’ என்றால், ‘எங்க, எருமை மாதிரி தூங்கறான்’ என்று சொல்லிவிட வேண்டும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. சபைக்குப் போகிற குடும்பம்தான் நாங்கள். திருஷ்டி அது இது என்று பேசினால் எஸ்தர் ஜெபத்தில் என் பெயரைச் சேர்த்துவிடுவாள். ஆனாலும் அவளே ரூபனைப் பற்றி யாரிடமும் ‘சுமாரா ஆடறான்’ என்பதற்கு மேல் சொன்னதில்லை.

விளையாட்டு மாஸ்டர்களுக்கு இது இன்னும் கூடுதல். ஒரு வருஷம் எங்கள் தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, வந்தவாசியில் நடக்கிற ஆட்டத்தில் நம் பையன்கள்தான் கப் அடிப்பார்கள் என்று சொல்லிவிட்டார். போகிற வழியிலேயே என் சென்டர் ஹாஃப் பஸ் படியிலிருந்து இறங்கும்போது கால் பிசகி உட்கார்ந்துவிட்டான். ஐந்து கோல் வாங்கினோம். அன்றிலிருந்து ஆட்டத்துக்கு முதல் நாள் யார் கேட்டாலும் ‘எங்க டீம் இந்த வருஷம் ஒண்ணுக்கும் ஆவாது சார்’ என்பேன். எதிராளியை வானத்துக்குத் தூக்குவேன். பையன்கள் பின்னால் நின்று சிரிப்பார்கள். மாஸ்டர் நம்மைத் திட்டினால் நாளைக்கு ஜெயிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பையன்களுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை. ரூபனுக்கும் நான் விளக்கிச் சொல்லவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று இருபது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

ரூபன் ஆடிக்கொண்டே வளர்ந்தான். ஒரு பெரிய கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் பதினாறு வயது வரைக்கும் வைத்திருந்து, ஒரு நாள் ஒரு கடிதம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வருஷம் எங்கெங்கோ அலைந்து, கடைசியில் எங்கள் ஊர் கிளப்பிலேயே இரண்டாவது கீப்பராகச் சேர்ந்தான். இரண்டாவது கீப்பர் என்றால் பெஞ்சில் உட்காருகிறவன். ஒரு வருஷம் முழுக்க அவன் பெஞ்சில் உட்காருவதைப் பார்க்கிறதற்கு நான் எல்லா ஆட்டத்துக்கும் போனேன், வெளியூர் ஆட்டத்துக்கும் கூட.

வீட்டில் அவனோடு பேசுவதற்கு எனக்கு இருந்த ஒரே விஷயம் பந்துதான். தமிழ் படிக்கத் தெரியாது. அம்மாவோடு சமையலறையில் பேசிப் பேசி ஆரணித் தமிழ் மட்டும் வாயில் இருக்கிறது. சபைக்கு வருவதை நிறுத்திவிட்டான். சாப்பாட்டு மேசையில் ‘அந்த இரண்டாவது கோலுக்கு நீ நின்ற இடம் தப்பு’ என்று ஆரம்பித்தால்தான் எனக்குப் பேச்சு வரும். அவன் தலையாட்டிக்கொண்டு சாப்பிடுவான். அதைத்தான் நெருக்கம் என்று நினைத்திருந்தேன்.

போன வருஷம் மார்ச்சில் முதல் கீப்பருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. ரூபனை இறக்கினார்கள். அணி ஏழாவது இடத்தில் வந்து, நாலில் கடைசியாக பிளே-ஆஃபில் நுழைந்தது. ஜூனோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது. பிளே-ஆஃபில் நன்றாக நின்றால் புதுப்பிப்பார்கள், இல்லாவிட்டால் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான் என்று அவனே அம்மாவிடம் சொன்னானாம். எஸ்தர் மூன்று நாள் உபவாசம் இருந்தாள். எனக்கு உபவாசம் வராது. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்.

5

சண்முகம் கேட்டார், எழுதினேன். தமிழில் எழுதுகிறோம், பையனுக்குத் தெரியப்போவதில்லை என்ற தைரியம் வேறு. ‘ஆரணி மாஸ்டர்’ என்று பெயர் போட்டுக்கொண்டேன்.

துறைமுகத்து ஊர் அணி: எங்களோடு மோதப்போகிறவர்கள். பலம், இடது ஓரத்தில் ஓடுகிறவன். அவன் தூக்கிக் கொடுக்கிற பந்து கோலின் தூரத்துக் கம்பத்தில் இறங்கும், அங்கே பனைமரம் மாதிரி ஒருவன் நிற்கிறான். பலவீனம், நடுக்களத்தில் இருவருக்கும் முப்பத்தைந்து வயது. எழுபது நிமிஷத்துக்கு மேல் மூச்சு வாங்கும். சுரங்கத்து ஊர் அணி: பலம், பின்வரிசை நாலு பேரும் மூன்று வருஷமாக ஒன்றாக ஆடுகிறவர்கள், கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். பலவீனம், கோல் அடிக்க ஆள் இல்லை. கடற்கரை ஊர் அணி: பலம், இளசுகள், ஓட்டம். பலவீனமும் அதுவே, ஒரு கோல் வாங்கினால் தலை தொங்கிவிடும்.

நாலாவது எங்கள் ஊர். அதற்கு ஒரு பலமும் எழுதவில்லை. எழுதினால் கண்பட்டுவிடும். குறையாக அடுக்கினேன். வலது பக்கத் தடுப்பாளன் ஏறிப்போனால் திரும்ப வரமாட்டான். முன்வரிசைக்கு அவசரம். கீப்பர் அனுபவம் இல்லாத பையன். உயரப் பந்துக்கு முதல் அடியைப் பின்னால் வைக்கிறான். தூரத்துக் கம்பத்துக்குத் தூக்கிக் கொடுத்தால் போதும், கோல்தான். இவனை நம்பி மேல் மாடிக்குப் போக ஆசைப்படுவது பேராசை.

அந்தப் பின்னடியை வைக்கச் சொல்லிக்கொடுத்தவன் யார் என்று மட்டும் எழுதவில்லை. கிளப்பின் பயிற்சியாளர்கள் இரண்டு வருஷமாக அவனிடமிருந்து அதை எடுக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள்.

எழுதி முடித்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மிளகாய் சுற்றிப் போட்ட மாதிரி மனசு லேசாக இருந்தது.

6

இதழ் வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் முதல் ஆட்டம். ஒன்றுக்குச் சைபர், ஜெயித்தோம். ரூபன் ஒரு தப்பும் செய்யவில்லை. பார்த்தாயா, திட்டியது பலித்துவிட்டது என்று எஸ்தரிடம் மார் தட்டினேன். அவள் அப்போதே என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

சண்முகத்துக்கு ஒரே சந்தோஷம். ‘தம்பி, அப்பா உங்க டீம பத்தி எழுதியிருக்காரு பாரு’ என்று ரூபனுக்கு அதை அனுப்பிவைத்தார். நல்ல எண்ணத்தில்தான். பெற்றவன் பிள்ளையைப் பற்றி எழுதினால் நல்லதாகத்தான் எழுதியிருப்பான் என்று யாருக்கும் தோன்றும். அவர் அதைப் படித்திருந்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை துறைமுகத்து ஊரில் இரண்டாவது ஆட்டம். முதல் பாதி சைபர்–சைபர். ஐம்பத்தெட்டாவது நிமிஷம் இடது ஓரத்துக்காரன் தூக்கிக் கொடுத்தான், தூரத்துக் கம்பத்தில் பனைமரம் எழும்பியது, ரூபனின் வலது கால் ஓர் அடி பின்னால் போனது. கோல். எண்பத்தோராவது நிமிஷம் அதே இடம், அதே பந்து, அதே கால். அவர்கள் ஒன்றும் தமிழ் படித்துவிட்டு வரவில்லை. எனக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டு ஆட்டத்துக் கோலையும் கூட்டினால் இரண்டுக்கு ஒன்று, நாங்கள் வெளியே. ஆட்டம் முடிந்ததும் ரூபன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். யாரோ ஒரு எதிர் அணிக்காரன் வந்து முதுகைத் தட்டினான். நான் மேலே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

7

இரண்டு நாள் வீட்டுக்கு வராமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் பகலில் வந்தான். நான் மதிய இடைவேளைக்கு வந்திருந்தேன். போனை எடுத்து மேசையில் வைத்தான். நான் எழுதியது முழுக்க இங்கிலீஷில் இருந்தது. போனில் இருக்கிற கருவி அவ்வளவு ஒழுங்காக மொழிபெயர்க்கும் என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை ராத்திரியே படித்துவிட்டானாம். அதைப் படித்துவிட்டுத்தான் செவ்வாய்க்கிழமை போய் நின்றிருக்கிறான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணடி, தலைமையாசிரியர், பஸ் படி, என் பையன்கள் சிரித்தது, எல்லாம். அரைமணி நேரம் பேசியிருப்பேன். எஸ்தர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். ரூபன் குறுக்கே பேசாமல் கேட்டான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எழுதனது தப்பு இல்லப்பா, எல்லாம் கரெக்ட்டு. மத்த மூணு டீமுக்கும் நல்லது ஒண்ணு எழுதியிருக்கீங்க, அதான் பேஜாரா இருந்துச்சி” என்றான். பிறகு, “சரி, கண்ணு படும்னு சொல்றீங்க. இப்ப மேட்ச் முடிஞ்சிபோச்சி. இனிமே யாரு கண்ணு படப்போவுது? இப்ப சொல்லுங்க, எங்கிட்ட நல்லது இன்னா?”

நியாயமான கேள்வி. கேட்டவன் குரலில் குத்தல் கூட இல்லை. வாயைத் திறந்தேன். “கை நல்லா இருக்குது உனக்கு. ஆனா அந்தக் காலு...” என்று வந்துவிட்டது. நிறுத்தினேன். மறுபடி ஆரம்பித்தேன். என்னென்னவோ தேடினேன். இத்தனை வருஷத்து ஆட்டங்களில் அவன் விட்ட ஒவ்வொரு பந்தும் எந்த மைதானம், எந்த நிமிஷம் என்று எனக்கு மனப்பாடம். பிடித்த பந்து ஒன்றுகூட அந்த நேரத்துக்கு வரவில்லை.

அவன் போனை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் சாப்பாடு கேட்டான்.

8

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வேறு கிளப்புகளுக்குக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். சரிப்பா என்றான், கேட்கவில்லை. இப்போது மூன்று மணி நேரப் பயணத்தில் ஓர் ஊரில், ஒரு கிடங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமைப் பூங்கா ஆட்டம்கூட ஆடுவதில்லை. வாரம் ஒரு முறை அம்மாவுக்குப் பேசுகிறான். போன் என்னிடம் வந்தால் ‘நல்லா இருக்கீங்களாப்பா, உடம்ப பாத்துக்குங்க’ என்கிறான். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மரியாதை. நான் என்ன பேசுவது? பந்து போய்விட்டது. எனக்கு வேறு பேச்சு தெரியாது.

சண்முகத்துக்கு முடியாது என்று சொன்ன அன்று, பள்ளி மைதானத்தில் கோடு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. ஒரு வருஷம் ஆகிவிட்டது, ஆகட்டும். ஒரு முழுப் பகல் யோசித்து மூன்று வரி எழுதினேன். ‘ஆனால்’ என்று ஒரு இடத்திலும் வரவில்லை. இரண்டு முறை படித்துச் சரிபார்த்தேன்.

ஒன்று, நீ நீளமாக உதைக்கிற பந்து சொன்ன ஆளிடம் போய்ச் சேரும். இரண்டு, கோல் வாங்கினாலும் பக்கத்திலிருப்பவனை நீ திட்டியதே இல்லை. மூன்று, சுரங்கத்து ஊரில் அந்த பிப்ரவரி மழையில், கடைசி நிமிஷத்தில், இடது மூலைக்குப் போன பந்தை நீ ஒற்றைக் கையால் தள்ளினாயே, அந்த மாதிரி ஒன்றை நான் ஆரணியிலும் பார்த்ததில்லை, இங்கேயும் பார்த்ததில்லை. அன்றைக்கு நான் எழுந்து நின்று கத்தினேன். உன்னிடம் சொல்லவில்லை.

அனுப்பினேன். வேலை முடிந்து மாலையில்தான் பார்த்திருப்பான். இங்கிலீஷ் எழுத்தில் அவன் தமிழில் பதில் வந்தது.

“தேங்க்ஸ்பா. மூணாவது நான் இல்ல. அது பிப்ரவரி. பழைய கீப்பர் தடுத்தாரு. நான் பெஞ்ச்ல இருந்தேன்.”

ரூபன் என்ன சொல்கிறான் என்று எஸ்தர் கேட்டாள். தேங்க்ஸ் சொல்கிறான் என்றேன்.